பழைய கிரேடிலில் பாய்ப்படகு சரியாக உட்காரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒன்டாரியோ ஏரிக்கரையில் பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் அக்டோபரில் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, ஏப்ரல் கடைசி அல்லது மே வரை தரையில் நிறுத்தி வைப்பார்கள். நிறுத்துவதற்கு இரும்புக் கிரேடில், அதாவது படகைத் தாங்கி நிற்கும் சட்டம், வேண்டும். புதிதாகச் செய்தால் செலவு அதிகம். அதனால் யாரோ படகை விற்றபோது ஒதுக்கிவிட்ட கிரேடிலைக் குறைந்த விலைக்கு வாங்கித் தம் படகுக்கு ஏற்ப மாற்றிக்கொள்பவர்கள் நிறையப் பேர். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு படகுக்கு அளவெடுத்துச் செய்தது இன்னொரு படகுக்கு அப்படியே பொருந்தாது. எங்கே பொருந்தவில்லை, எதை மாற்ற வேண்டும், எதில் கை வைக்கவே கூடாது என்பதைக் கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளை வைத்தே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கோளாறுகளில் பாதி இதை மறப்பதால் வருகின்றன. படகின் எடையைத் தாங்க வேண்டியது கீல், அதாவது படகின் அடியில் நடுக்கோட்டில் கீழிறங்கும் கனமான பகுதி. பக்கத் தூண்களின் தலையில், சுழற்றி நீட்டும் மரைத்தண்டுகளின் நுனியில் இருக்கும் பேட்கள் (தாங்கு பலகைகள்) படகு சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. தண்ணீரில் மிதக்கும்போது படகின் ஃபைபர் உடலைச் சுற்றிலும் நீர் பரவலாகத் தாங்குகிறது. அந்த உடலை ஒரு சாண் அகலப் பலகை மேல் வைத்து எடையை இறக்கினால் அது அமுங்கத்தான் செய்யும். கீல் இருக்கும் அடிப்பகுதி அப்படியல்ல. தடிமனாக, எடை தாங்கும் விதமாகக் கட்டப்பட்டது. மொத்த எடையில் முக்கால் பங்குக்கு மேல் கீல் வழியாகவே தரைக்கு இறங்க வேண்டும்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டால் பேச எளிது. ஆல்பெர்க் 30 படகின் கிரேடில் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, உங்களுடையது கேட்டலினா 27 என்று வைத்துக்கொள்வோம். ஆல்பெர்க் 30 கனடாவின் விட்பி போட் வொர்க்ஸ் நிறுவனம் 1962 முதல் 1987 வரை 700-க்கு மேல் கட்டிய படகு. எடை சுமார் 4,080 கிலோ, ஆழம் (நீர்மட்டத்திலிருந்து கீலின் அடி வரை) 1.30 மீட்டர். கீல் நீளமானது, சுக்கான் அதன் பின்விளிம்பிலேயே தொங்கும். கேட்டலினா 27 கலிபோர்னியாவில் உருவானது. எடை சுமார் 3,100 கிலோ, சாதாரண ஃபின் கீல் (மீன் துடுப்பு போன்ற குட்டைக் கீல்) வகையில் ஆழம் 1.22 மீட்டர். கீல் குட்டை, சுக்கான் தனியாகப் பின்னால் நிற்கும். அகலம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 2.7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆல்பெர்க்கின் வயிறு ஆழமாகச் சரிந்து இறங்கும், கேட்டலினாவுடையது தட்டையானது. அகலம் ஒன்றாக இருந்தும் பேட் உட்காரும் கோணம் முழுக்க வேறு.

கனமான படகின் கிரேடிலை இலேசான படகுக்கு மாற்றுவது சரி. தலைகீழாகச் செய்யாதீர்கள். மூன்று டன் படகுக்குச் செய்த சட்டத்தில் நாலரை டன் படகை ஏற்ற, அங்கங்கே தகடு ஒட்டி வெல்டிங் செய்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டாம்.

அளவு எடுப்பது

படகு கிரேனில் தொங்கும்போது அளவெடுக்க முடியாது. கிரேன்காரருக்கு அடுத்த படகு காத்திருக்கும். போன குளிர்காலத்தில் படகு நின்ற இடத்திலேயே, வசந்தத்தில் ஏரியில் இறக்குவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள்.

மூக்கின் நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தரையைத் தொடும் புள்ளியைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கீலின் முன்விளிம்பு, பின்விளிம்பு, சுக்கான், கிரேன் பெல்ட் போடும் இடங்கள் எல்லாவற்றுக்கும் தூரம் எடுங்கள். அடுத்து உள்ளே இருக்கும் குறுக்குச்சுவர்கள். ஜன்னலின் விளிம்பையோ மேல்தளக் கம்பி ஒன்றின் போல்ட்டையோ உள்ளேயும் வெளியேயும் தெரியும் அடையாளமாகக் கொண்டு, குறுக்குச்சுவர் எங்கே வருகிறது என்பதை வெளிப்பக்கத்துக்குக் கடத்தி, மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறியுங்கள். பேட்கள் அந்தக் கோட்டில்தான் வர வேண்டும். ஒவ்வொரு கோட்டிலும் மூன்று அளவு வேண்டும்: கீலின் அடிமட்டத்திலிருந்து உயரம், நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டுத் தூரம், அந்த இடத்தில் உடல் சாயும் கோணம். கோணத்துக்குப் போனில் இருக்கும் ரசமட்டமே போதும். எல்லாவற்றையும் வரைபடத் தாளில் பத்துக்கு ஒன்று அளவில் வரையுங்கள். கிரேடிலையும் அதே அளவில் வேறொரு தாளில் வரைந்து இதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எது முட்டும், எது எட்டாது என்பது உடனே தெரிந்துவிடும். இந்தத் தாள் வேலையைத் தாண்டிக் குதித்து வெல்டிங்குக்குப் போகிறவர்கள் கிரேன் நாளன்று அவதிப்படுகிறார்கள்.

அறிகுறி: பேட் உடலை எட்டவில்லை, அல்லது படகு இறங்கும் முன்பே பேட் முட்டுகிறது

முதலில் திருத்த வேண்டியது கீலின் உயரம். பேட்டில் கை வைப்பது அதற்குப் பிறகுதான். நம் உதாரணத்தில் புதுப் படகின் ஆழம் 8 செ.மீ. குறைவு. அதே அடிச்சட்டத்தில் உட்கார வைத்தால் உடல் முழுவதும் 8 செ.மீ. கீழே இறங்கி நிற்கும், தூண்கள் எல்லாம் உயரமாகிவிடும். இங்கே மரக்கடையில் நாலுக்கு நாலு என்று விற்கும் கட்டையின் உண்மையான தடிமன் 89 மில்லிமீட்டர். கீலுக்கு அடியில் அதை ஒரு அடுக்கு போட்டாலே உயர வித்தியாசம் ஏறக்குறைய சரியாகிவிடும். ஒரு தூணையும் வெட்ட வேண்டியதில்லை. ஓக் போன்ற கடினமான மரம் நல்லது. பைன் கீலுக்கு அடியில் நசுங்கும். கட்டைகளைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். சும்மா அடுக்கி வைத்த கட்டை படகு இறங்கும்போது நகர்ந்துவிடும்.

உங்கள் படகு பழைய படகைவிட ஆழமானது என்றால் நிலைமை எதிர்மாறு. தூண்களை நீட்ட வேண்டும். குழாய்க்குள் குழாய் நுழையும் வகைத் தூண் என்றால் நீளமான உள்குழாய் போடலாம். ஆனால் குறைந்தது 30 செ.மீ. நீளம் வெளிக்குழாய்க்குள் இருக்கட்டும், குறுக்கே ஒரு போல்ட்டும் போகட்டும். தூணை நீட்டச் சோம்பிக்கொண்டு மரைத்தண்டை வெளியே சுழற்றியே தூரத்தை எட்ட வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒரு சாணுக்கு மேல் தண்டு வெளியே நீண்டிருந்தால், பக்கவாட்டு அழுத்தம் வரும்போது அது வளையும். தண்டு பாதிக்கு மேல் உள்ளே இருக்கும்படி தூணின் நீளத்தை அமைத்துவிடுங்கள். மரை கடைசி நேர நுணுக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

அறிகுறி: பேட்டின் ஒரு ஓரம் மட்டும் படுகிறது

பேட் உடலுக்குச் செங்குத்தாக அழுத்தவில்லை. ஒன்று, பேட்டின் பின்னால் இருக்கும் சுழல் மூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. அப்படியானால் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் தீரும். இல்லையென்றால் தூணின் சாய்வே இந்தப் படகுக்குச் சரியில்லை. ஆல்பெர்க்குக்காகச் செய்த தூணில் பேட் பக்கவாட்டாக உள்நோக்கிப் பார்க்கும். கேட்டலினாவின் தட்டையான வயிற்றுக்கு அது இன்னும் மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். சுழல் மூட்டு திரும்பும் எல்லைக்குள் அந்தக் கோணம் வருகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். வரவில்லை என்றால் தூணின் தலையில் மரைத்தண்டு நுழையும் குழாயை வெட்டி, புதிய கோணத்தில் வெல்டிங் செய்ய வேண்டும். தண்டு நீளும் திசையும் உடலுக்குச் செங்குத்தாக இருந்தால்தான் இறுக்கும்போது பேட் வழுக்கி மேலேறாது.

இடைவெளியில் மரச் சீவல்களைத் திணித்துச் சமாளிப்பது வேண்டவே வேண்டாம். காற்றடிக்கும் ஒரு இரவில் அவை உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பேட் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அறிகுறி: பேட் இருக்கும் இடத்தில் உடல் உள்வாங்கியிருக்கிறது

இது முக்கியமான அறிகுறி. வெறுங்கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மாலை வெளிச்சம் மங்கிய பிறகு டார்ச்சைப் படகின் உடலோடு ஒட்டிப் பிடித்து, ஒளி வழுக்கிக்கொண்டு போகும்படி அடியுங்கள். பேட்டைச் சுற்றி ஒரு நிழல் வளையம் தெரிந்தால் குழி விழுந்திருக்கிறது. ஒரு மீட்டர் நேர்க்கட்டையை நீளவாக்கில் வைத்துப் பார்த்தால் ஆழமும் தெரியும். உள்ளே போய் அலமாரிக் கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். போன மாதம் சுலபமாக மூடிய கழிவறைக் கதவு இப்போது நிலையில் உரசுகிறது என்றால் உடல் திருகிக்கொண்டிருக்கிறது. பேட்டுக்கு நேர் உள்ளே, குறுக்குச்சுவரை உடலோடு ஒட்டியிருக்கும் ஃபைபர் பட்டையில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பெரும்பாலும் முதலாவதுதான்.

கீல் எடையைத் தாங்கவில்லை. ஒரு ஹேக்சா பிளேடை எடுத்து, கீலுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே முன்னும் பின்னும் பல இடங்களில் நுழைத்துப் பாருங்கள். எங்கேயும் நுழையவில்லை என்றால் நல்லது. நீளம் முழுவதும் சுலபமாக ஓடினால் உங்கள் படகு பேட்களின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. கிரேன் விடுவிக்கும் முன்பே யாரோ ஆர்வத்தில் பேட்களை முறுக்கி இறுக்கியிருப்பார்கள்.

இதைச் சரிசெய்யும்போது அவசரம் கூடாது. எந்தப் பேட்டையும் ஒரேயடியாகத் தளர்த்தாதீர்கள். முதலில் கீலுக்கு அடியில் இருக்கும் இடைவெளியைக் கடினமான மர ஆப்புகளால் நிரப்புங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் எதிரெதிராக ஜோடியாக அடிக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடித்தால் கீல் கூர்மையான விளிம்பில் உட்காரும். பிறகு பேட்களைக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். முன் இடது, பின் வலது, முன் வலது, பின் இடது என்று மாறி மாறிப் போங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நின்று பார்த்து, பாய்மரமோ மேல்தளமோ பக்கவாட்டில் சாயவில்லை என்று உறுதி செய்த பிறகு அடுத்த சுற்று. கீல் எடையை வாங்கிக்கொண்டதும் தண்டு கையாலேயே சுழல ஆரம்பிக்கும். அந்த நிலையிலிருந்து கையால் இறுக்கி, ஸ்பானர் போட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும். இடைவெளி ஒரு விரல் தடிமனுக்கு மேல் இருந்தால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். கிரேன் வரட்டும்.

இரண்டாவது காரணம், பேட் குறுக்குச்சுவர் கோட்டில் இல்லை. சுத்தியலின் பிடியால் உடலை மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால் வெற்றிடத்தில் டொம்மென்றும், பின்னால் தாங்கல் இருக்கும் இடத்தில் கெட்டியாகவும் சத்தம் வரும். பேட் கெட்டியான சத்தம் வரும் இடத்துக்கு மாற வேண்டும். தூணே நகர வேண்டியிருந்தால், அதைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தை நீளச்சட்டத்தின் மேல் முன்னோ பின்னோ தள்ளிப் போல்ட் போடும் வகையில் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது அதன் பக்கத்தில் தனித்து நிற்கும் ஜாக் ஸ்டாண்டு ஒன்றை முதலில் வைத்து, அது பிடித்துக்கொண்ட பிறகே பழைய பேட்டை எடுக்க வேண்டும். வேறு வழியில்லாமல் எடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பேட்.

மூன்றாவது, பேட் சின்னது. பழைய கிரேடில்களில் உள்ளங்கை அகல இரும்புத் தட்டில் ரப்பர் துண்டு ஒட்டியிருக்கும். 18 மி.மீ. ப்ளைவுட்டில் 30 செ.மீ. சதுரம் வெட்டி, மேலே தடித்த கார்பெட் அடித்து அதன் மேல் பொருத்துங்கள். ஆணித் தலைகள் ஓரத்தில் மடித்த பக்கத்தில் இருக்கட்டும், முகப்பில் ஒன்றும் வேண்டாம்.

அழுத்தம் போனதும் பெரும்பாலான குழிகள் தாமாகவே வெளியே வந்துவிடும். வராவிட்டாலோ, மேல் பூச்சில் நட்சத்திர வடிவில் விரிசல் தெரிந்தாலோ, உள்ளே ஒட்டு விட்டிருந்தாலோ ஃபைபர் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அறிகுறி: கீலும் உடலும் சேரும் இடத்தில், முன்பக்கம், ஒரு கோடு திறந்திருக்கிறது

கேட்டலினா வைத்திருப்பவர்கள் ‘கேட்டலினாச் சிரிப்பு’ என்று சொல்வது இதைத்தான். போல்ட் போட்டு மாட்டிய கீலின் முன்விளிம்பில், உடலோடு சேரும் வளைவில் விழும் விரிசல். எல்லா விரிசலும் கிரேடிலால் வந்ததல்ல. கீல் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம், முன்பு எப்போதாவது தரை தட்டியிருக்கலாம். ஆனால் கிரேடில் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க இந்தக் கோட்டைவிட நல்ல கருவி இல்லை.

படகு பெல்ட்டில் தொங்கும்போது கோட்டைப் படம் எடுங்கள். அப்போது கீல் கீழே இழுக்கிறது, கோடு விரியும். கிரேடிலில் உட்கார்ந்த பிறகு இன்னொரு படம் எடுங்கள். படகின் எடை கீலின் மேல் இறங்கியிருந்தால் கோடு ஒடுங்கியிருக்கும். தொங்கும்போது இருந்த அதே அகலத்தில் இப்போதும் இருந்தால் கீல் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்று பொருள். மேலே சொன்ன ஹேக்சா பிளேடு சோதனைக்குத் திரும்புங்கள்.

கோட்டிலிருந்து துருநிறத்தில் நீர் கசிந்தால் அது கீல் போல்ட் பிரச்சினை. கிரேடிலை எவ்வளவு திருத்தினாலும் தீராது. அந்த நீர் உறைந்து விரியும்போது விரிசல் பெரிதாகும் என்பதால், குளிர் இறுகுவதற்கு முன் வடிய விடுங்கள். உள்ளே பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், தேங்கியிருப்பதையும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சி எடுங்கள்.

அறிகுறி: மூக்கு தாழ்ந்திருக்கிறது, காக்பிட்டில் தண்ணீர் தேங்குகிறது

மழையும் உருகும் பனியும் காக்பிட்டின் (உட்கார்ந்து படகை ஓட்டும் பள்ளம்) பின்பக்க வடிகால் வழியாக ஓட வேண்டும். படகு நீர்க்கோட்டு மட்டத்தில், அல்லது மூக்கு சில சென்டிமீட்டர் தூக்கி நின்றால்தான் அது நடக்கும். மூக்கு தாழ்ந்தால் நீர் முன்னால் தேங்கி உறையும்.

நீளக் கீல் படகின் கிரேடிலை ஃபின் கீலுக்கு மாற்றும்போது மட்டம் தவறுவது அடிக்கடி நடக்கும். ஆல்பெர்க்கின் கீல் முன்னிருந்து பின்னுக்கு ஆழம் கூடிக்கொண்டே போகும். அதற்கு ஏற்ப அடிக்கட்டைகள் முன்னால் உயர்ந்தும் பின்னால் தாழ்ந்தும் இருக்கலாம். அவற்றைக் கழற்றிவிட்டு, உங்கள் கீலின் அடிச்சரிவை வரைபடத்திலிருந்து அளந்து புதிதாகப் போடுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கிரேடிலில் கீலைத் தாங்கும் குறுக்குச்சட்டங்கள் விலகி இருக்கும். குட்டைக் கீல் ஒன்றில் மட்டும் உட்கார்ந்து, மறுமுனை அந்தரத்தில் நிற்கும். இரண்டு சட்டங்களையும் இணைத்து நீளவாக்கில் ஒரு கனமான இரும்புச் சேனலோ சதுரக் குழாயோ வைத்து, அதன் மேல் மரக்கட்டை போடுங்கள். வெறும் மரப்பலகை வேண்டாம், நடுவில் தொய்யும்.

படகின் எடைமையம் கீலின் அடித்தளத்துக்கு மேலேயே விழும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பின்னோக்கிச் சாய்ந்த கீல்களில் அடித்தளம் பின்னால் தள்ளி இருக்கும், படகு முன்னால் கவிழப் பார்க்கும். மூக்குக்கு அடியில் ஒரு ஜோடிப் பேட் கட்டாயம். எஞ்சினும் எரிபொருளும் பின்னால் கனக்கும் படகுக்குப் பின்பக்க ஜோடி அதே அளவு முக்கியம்.

அறிகுறி: கிரேன் பெல்ட் தூணில் மாட்டுகிறது, சுக்கான் சட்டத்தில் இடிக்கிறது

பெல்ட் போகும் கோடுகளிலிருந்து தூண்கள் முன்னும் பின்னும் குறைந்தது ஒரு அடி தள்ளி இருக்கட்டும். படகை வைத்த பிறகு பெல்ட்டை உருவி எடுக்கவும் வழி வேண்டும், வசந்தத்தில் மறுபடி நுழைக்கவும் வேண்டும். பெல்ட் இடத்தைப் படகின் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக் குறித்துவிட்டால் கிரேன்காரர் ஊகிக்க வேண்டியதில்லை.

ஆல்பெர்க் கிரேடிலின் பின்பக்கத்தில் தனிச் சுக்கானுக்கு இடம் விட்டிருக்க மாட்டார்கள். கேட்டலினாவை இறக்கும்போது பின்பக்கக் குறுக்குச்சட்டமோ தாங்கு கம்பியோ சுக்கானுக்கு நேர் கீழே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தச் சட்டத்தை நகர்த்துங்கள். சுக்கான் எந்த எடையையும் தாங்கக் கூடாது. அதன் அடியில் முட்டுக் கொடுப்பதும் வேண்டாம்.

அறிகுறி: மரைத்தண்டு சுழலவில்லை

ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் சுத்தியலால் நட்டின் பக்கங்களைத் தட்டிவிட்டு, இறுக்கும் திசையில் சற்று, தளர்த்தும் திசையில் சற்று என்று அசையுங்கள். அசையவில்லை என்றால் நட்டைச் சூடாக்கலாம். ஆனால் படகு கிரேடிலில் இல்லாதபோது மட்டும். ஃபைபருக்குப் பக்கத்தில் தீயைக் கொண்டுபோகாதீர்கள்.

வளைந்த தண்டை நிமிர்த்தி உபயோகிக்க வேண்டாம், மாற்றுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண நுண்மரைக் கம்பி மலிவு என்றாலும், இந்த வேலைக்கு ஆக்மி வகைத் தடித்த மரைதான் சரி. நுண்மரை துருவில் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும், பாரத்தில் தேயும். புதிதோ பழையதோ, இலையுதிர் காலத்தில் தண்டு முழுவதும் கிரீஸ் பூசுங்கள்.

அறிகுறி: குழாய் உப்பியிருக்கிறது, மூலையில் பிளவு, தட்டினால் மந்தமான சத்தம்

இதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். சதுரக் குழாய்க்குள் மழைநீர் இறங்கித் தேங்கும். ஜனவரியில் உறைந்து விரிந்து குழாயின் சுவரை உப்ப வைக்கும், மூலையில் கிழிக்கும். வெளியே புதுப் பெயின்ட் பளபளத்தாலும் தூணின் அடியிலும் வெல்டிங் ஓரங்களிலும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். மந்தமாகக் கேட்கும் இடத்தில் கூர்மையான ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். பொடியாக உதிர்ந்தாலோ உள்ளே இறங்கினாலோ அந்தத் துண்டை முழுதாக வெட்டி எடுத்துப் புதியது போட வேண்டும். மேலே தகடு ஒட்டினால் துரு உள்ளே தொடரும். நல்ல குழாய் என்றால் ஒவ்வொரு தூணின் அடிக்கோடியிலும் 10 மி.மீ. துளை ஒன்று போட்டு, மேல்முனைக்கு மூடி வையுங்கள்.

துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால், இணைப்பின் இரு பக்கமும் பூச்சைக் கிரைண்டரால் முழுவதும் எடுத்துவிட்டுத் திறந்தவெளியில் செய்யுங்கள். அந்தப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். படகு மேலே இருக்கும்போது கிரேடிலில் வெல்டிங்கே கூடாது. அடிப்பூச்சிலும் தார்ப்பாயிலும் பொறி விழுந்தால் பக்கத்துப் படகுகளும் சேர்ந்து எரியும். எடை தாங்கும் இணைப்புகளைத் தொழில் தெரிந்த வெல்டரிடம் விட்டுவிடுவது என் கருத்து. வெட்டுவது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் நீங்களே செய்யலாம். அதிலேயே கூலி பாதி மிச்சமாகும்.

அறிகுறி: நாலு மூலையும் தரையில் படவில்லை, அல்லது குளிர்கால நடுவில் படகு சாய ஆரம்பிக்கிறது

வெறும் கிரேடில் ஆடினால் முதலில் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லை என்றால் லாரியில் ஏற்றி இறக்கியதில் சட்டம் கோணிவிட்டது. போல்ட் வகை என்றால் எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, கயிறு கட்டி இழுத்துச் சமமாக்கி மறுபடி இறுக்குங்கள். மூலைவிட்டம் சமம், ஆனாலும் ஆடுகிறது என்றால் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது தரைதான் சரியில்லை. வேறு இடத்தில் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

தரை விஷயத்தை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மண்ணில் நீர் இருந்தால் உறையும்போது மேலே தூக்கும், உருகும்போது சேறாகி இறங்கும். நாலு மூலையும் ஒரே அளவில் ஏறி இறங்காது. நவம்பரில் நேராக நின்ற படகு மார்ச்சில் சாய்ந்திருப்பது இதனால்தான். ஜல்லி பரப்பிய, நீர் தேங்காத இடத்தைக் கேட்டு வாங்குங்கள். மூலைகளுக்கு அடியில் அகலமான தடித்த பலகைகள் போடுங்கள். பாய்மரத் தண்டிலோ கேபின் சுவரிலோ ஒரு சின்ன ரசமட்டத்தை ஒட்டி வைத்துவிட்டால், குளிரில் வந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் நொடியில் தெரிந்துவிடும். உருகும் பருவத்தில் வாரம் ஒருமுறையாவது பாருங்கள். சாய்வு கூடியிருந்தால், சாயும் பக்கத்துப் பேட்டை முறுக்கிப் படகை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். எடை முழுவதும் அந்தப் பேட்டுக்குப் போய்விடும். கிரேடிலின் மூலையை ஜாக்கால் மெதுவாகத் தூக்கிப் பலகை செருகுங்கள்.

அறிகுறி: காற்றில் படகு நடுங்குகிறது, பேட்கள் தளர்ந்துபோகின்றன

பாய்மரம் நின்றிருந்தால் காற்று அதைப் பிடித்து ஆட்டும்; அந்த ஆட்டம் நேராகப் பேட்களுக்கு வரும். பாய்மரத்தை இறக்கி வைப்பதே நல்லது. நிறுத்தித்தான் வைக்க வேண்டும் என்றால் முன்பாய்ச் சுருளையாவது கழற்றுங்கள். தார்ப்பாயின் கயிற்றைப் பேட்டிலோ மரைத்தண்டிலோ கட்டக் கூடாது. தார்ப்பாய் ஒவ்வொரு முறை படபடக்கும்போதும் அது தண்டை இழுத்துச் சுழற்றும். படகின் வயிற்றுக்கு அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கயிறு போட்டுக் கட்டுங்கள். இடதும் வலதுமாக எதிரெதிரே இருக்கும் இரண்டு தூண்களைக் கீழே சங்கிலியால் இணைத்து இறுக்கினால் அவை வெளிப்பக்கம் விரியாது. தண்டில் இரண்டாவதாக ஒரு பூட்டு நட் போட்டால் தானாகத் தளர்வதும் நிற்கும்.

அறிகுறி: வசந்தத்தில் தூக்கும்போது பேட் ஒட்டிக்கொண்டு வருகிறது

ஈரக் கார்பெட் அடிப்பூச்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கிரேன் பெல்ட் எடையை வாங்கிக்கொண்ட பிறகு எல்லாப் பேட்களையும் நன்றாகப் பின்னே சுழற்றி எடுத்துவிட்டு, அதன் பிறகே தூக்கச் சொல்லுங்கள். பெல்ட் இறுகும் முன் ஒரு பேட்டையும் தொடாதீர்கள். படகு ஒரு சாண் மேலே போனதும் நிறுத்தச் சொல்லி, பேட் இருந்த இடங்களைச் சுரண்டிப் பூச்சு அடிக்கலாம். தொங்கும் படகுக்கு அடியில் உடம்பை நுழைக்காமல், பக்கத்தில் நின்று நீளக் கைப்பிடி ரோலரால் அடியுங்கள். அதே நாளில் ஒவ்வொரு தண்டும் எத்தனை செ.மீ. வெளியே இருந்தது, கீலின் முன்விளிம்பு அடிக்கட்டையில் எங்கே உட்கார்ந்தது என்பதைக் கிரேடிலின் மேலேயே பெயின்டால் எழுதி வையுங்கள். அடுத்த அக்டோபரில் கிரேன்காரர் படகை எங்கே இறக்க வேண்டும் என்று கேட்கும்போது அந்தக் குறியைக் காட்டலாம்.